ரமண மகரிஷி

ரமண மகரிஷி (டிசம்பர் 30, 1879 - ஏப்ரல் 14, 1950) திருவண்ணாமலையில் வாழ்ந்த ஞானி ஆவார். இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் சுந்தரம் ஐயர், அழகம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். 1896 இல் மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது மரண அனுபவம் ஒன்று ஏற்பட்டது. சில வாரங்களில் வீட்டை விட்டு வெளியேறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர் அவ்வூரை விட்டு அகலவேயில்லை.

விருபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் பல ஆண்டுகள் தங்கினார். 1922 இல் மறைந்த தாயாரின் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவானது.

கையில் தோன்றிய கட்டி

இடது முழங்கைக்கு அருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. தொடக்கத்தில் அது அச்சம் தருவதாக இல்லை. 1949 பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் அதனை அகற்றினர். ஒரு மாதத்திற்குள் அதே இடத்தில் முன்னிலும் பெரிதாக வளர்ந்தது. மார்ச்சில் சென்னை மருத்துவர்கள் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்தனர். திசுப் பரிசோதனையில் அது சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது.

சார்கோமா தசை, கொழுப்பு போன்ற இணைப்புத் திசுக்களில் தோன்றுவது; தோலின் நிறமிச் செல்களிலிருந்து எழும் மெலனோமா வேறு. இந்தியரிடையே மெலனோமா அரிது. வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ காணப்படுகிறது. பாதத்து மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவை சீரான நிறமும் தெளிவான விளிம்பும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும். வடிவம் கோணுதல், நிறம் கலத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தல், இரத்தம் கசிதல் ஆகியன ஐயத்திற்குரியவை. கட்டியாயினும் மச்சமாயினும், ஐயம் எழுந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. திசுவை நுண்ணோக்கியில் காண வேண்டும்.

மறைவு

கையைத் துண்டிக்கலாம் என மருத்துவர்கள் கூறியதை ரமணர் ஏற்கவில்லை. ரேடியம் சிகிச்சையும், ஓமியோபதி, சித்தம், ஆயுர்வேதம் ஆகியனவும் முயலப்பட்டன. அன்பர் கொண்டுவந்த எந்த மருந்தையும் அவர் பெரும்பாலும் மறுக்கவில்லை. ஆகஸ்டில் மூன்றாம் முறையும், டிசம்பர் 19 அன்று நான்காம் முறையும் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் தோளை நோக்கிப் பரவியது. இதற்கிடையிலும் அன்பர்கள் தன்னைக் காண்பதைத் தடை செய்ய அவர் இசையவில்லை. இறுதி நாளன்றும் மக்கள் வரிசையில் வந்து பார்த்தனர். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு மறைந்தார். உடல் ஆசிரமத்திலேயே தாயாரின் சன்னதிக்கு அருகில் சமாதி வைக்கப்பட்டது.