உத்திரமேரூர் தேர்தலில் கிளைவ் நின்றிருந்தால்?

ராஜகுளம் பக்கம் போனீங்கன்னா, அப்படியே உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரையும் பார்த்துட்டு வாங்க. குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம் என்ற விதிகளைப் பராந்தகச் சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷங்களுக்கு முன் அதில் வெட்டியிருக்கிறார்கள். சொந்த நிலமும் வீடும் வேணும். வயசு 35-க்கு மேல் இருக்கணும். முக்கியமா, முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய சொந்தக்காரங்களுக்கும் இடம் கிடையாது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு, நம்ம காஞ்சிபுரம் வரை வந்து சண்டை போட்ட ஒருத்தரின் கதையைப் படிங்க. அவர் ராபர்ட் கிளைவ்.

1725-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். குடும்பத்துக்குப் பரம்பரை நிலம் இருந்தது. கூடவே கடனும் இருந்தது. 1744-ல், 18 வயசில், கிழக்கிந்திய கம்பெனி எழுத்தராக சென்னை வந்தார். வருஷச் சம்பளம் 5 பவுண்டு. பிறகு பேனாவை வெச்சுட்டு துப்பாக்கி எடுத்தார். 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அதே டிசம்பரில், பிரெஞ்சுப் படை புகுந்திருந்த காஞ்சிபுரம் கோயிலைப் பீரங்கியால் தாக்கிக் கைப்பற்றினார்.

1753-ல் சென்னைக் கோட்டையில் கல்யாணம். ஊருக்குப் போய்க் குடும்பக் கடனை அடைத்தார். அடுத்த வருஷமே, 28 வயசில், பணத்தைக் கொட்டி பார்லிமென்ட் தேர்தலில் ஜெயித்தார். எதிர்த்தரப்பு கொடுத்த மனுவால் 1755-ல் அந்தப் பதவி போச்சு.

மறுபடி இந்தியா. 1757-ல் பிளாசி வெற்றி. நவாப் ஆக்கப்பட்ட மீர் ஜாபர் அள்ளிக் கொடுத்தார். 1759-ல் கிடைத்த ஜாகீர் மட்டும் வருஷத்துக்கு 27,000 பவுண்டு. கல்கத்தாவைச் சுற்றியிருந்த நிலத்துக்காக, அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியே அவருக்கு வாடகையும் கட்டியது!

அந்தப் பணத்தில் வால்காட், கிளேர்மான்ட் எஸ்டேட்களை வாங்கினார். 1761 முதல் சாகும் வரை ஷ்ரூஸ்பரி எம்.பி. சொந்தக்காரங்களையும் நண்பர்களையும் சபைக்குள் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவும் எம்.பி.தான்.

1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். 1770-ல் அங்கே பஞ்சம், லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதன்பிறகுதான் லண்டனில் கேள்வி எழுந்தது. 1773-ல் அவர் 2,34,000 பவுண்டு பெற்றதாக பார்லிமென்ட் பதிவு செய்தது. கூடவே அவர் சேவையையும் பாராட்டியது. தண்டனை எதுவும் இல்லை. அடுத்த வருஷம் நவம்பர் 22-ல், 49 வயசில் இறந்தார். சொந்த ஊர் தேவாலயத்தில், பெயர் பொறிக்காத கல்லறையில் புதைத்தார்கள்.

இப்போ கோயில் சுவருக்கு வாங்க. நிலம், வீடு: பாஸ். வயசு: முதல் தேர்தலிலேயே அவுட். கணக்கு? பார்லிமென்ட் அதைக் கேட்டது, பணம் எஸ்டேட்டாக மாறி முடிந்த பிறகு. உத்திரமேரூர் சுவரோ, பெயரை ஓலையில் எழுதுறதுக்கு முன்னாடியே கேட்கிறது. அடுத்த முறை ஓட்டுப் போடும்போது நீங்களும் முன்னாடியே கேளுங்க!