உருவும் உள்ளமும்: திருமழிசைப்பிரான் வைபவம்

திருமயிலையில் ஐப்பசிச் சதயத்தன்று செவ்வல்லி மலரில் திருவவதரித்தவர் பேயாழ்வார். அவருடைய திருவடி பணிந்து உய்ந்தவர் திருமழிசையாழ்வார். புறத்தோற்றம் கொண்டு பிறரை மதிப்பிடும் மாந்தர்க்கு இவருடைய திவ்ய சரித்திரம் ஒரு நல்ல பாடமாகும்.

பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் தை மகத்தில் இவர் தோன்றினார் என்று குருபரம்பரை கூறும். பன்னிரு திங்கள் கருவில் இருந்தும் கை கால்களின்றி வெறும் பிண்டமாய்ப் பிறந்தமையால், பெற்றோர் மூங்கிற்புதரின் அடியில் இட்டு அகன்றனர். எம்பெருமான் கடாக்ஷத்தால் அவயவங்கள் நிரம்பப்பெற்று அழுத குழவியை, பிரம்பறுக்க வந்த திருவாளன் எடுத்துத் தம் மனைவி பங்கயச்செல்வியிடம் அளித்தார்.

வளர்ந்தபின் பல சமயங்களையும் ஆராய்ந்து திரிந்த இவர், செடிகளைத் தலைகீழாக நட்டு ஓட்டைக் குடத்தால் நீர் வார்க்கும் முதியவர் ஒருவரைக் கண்டார். பித்தர் போலும் என்றெண்ணி நகைத்தார். அவரே பேயாழ்வார். எம்பெருமானை அறியாது சமயந்தோறும் அலைவதும் இத்தகைய வீண்செயலே என்று தெளிவித்து இவரை ஆட்கொண்டார். உருவத்தால் பெற்றோரே தள்ளிய ஒருவர், மற்றொருவரைத் தோற்றத்தால் இகழ்ந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. யாரையும் விடாத பிழையன்றோ இது!

பின்னர்க் கச்சித் திருவெஃகாவில், தமக்குக் கைங்கர்யம் செய்துவந்த மூதாட்டிக்கு ஆழ்வார் இளமையும் பேரழகும் அருளினார். அவ்வழகில் மயங்கிப் பல்லவராயன் அவளை மணந்தான். நேற்றுவரை எவரும் ஏறிட்டுப் பாராத அம்மாதின் பக்தியும் பண்பும் முன்போலவே இருந்தன. மாறியது மேனி மட்டுமே. தானும் இளமை பெற விரும்பிய அரசன், தன்னைப் பாட மறுத்த சீடர் கணிகண்ணனை நாடு கடத்தினான். ஆழ்வாரும் வெளியேற, அவர் சொற்படி எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான். நகரம் பொலிவிழந்தது. மன்னன் வருந்தி வேண்டியபின்னரே மூவரும் மீண்டனர்.

பெரும்புலியூரில் வேதம் ஓதியோர் இவரைக் கண்டதும், வளர்ந்த குடியை எண்ணி ஓதலை நிறுத்தினர். மீண்டும் தொடங்க இடம் மறந்து திகைத்தனர். ஆழ்வாரோ கருநெல் ஒன்றை நகத்தால் பிளந்து குறிப்பால் உணர்த்தினார். திருச்சந்த விருத்தம் 120 பாசுரங்களும் நான்முகன் திருவந்தாதி 96 பாசுரங்களும் அருளிய பெருமானுக்கே இந்நிலை!

சந்நிதியில் பட்டாடையும் பொலிவும் கண்டவிடத்து அடியேன் கையும் சடாரியை முந்தி நீட்டியதுண்டு. அன்றிரவெல்லாம் மூங்கிற்புதரின் குழவி நினைவில் நின்றது.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்.