வாய் பேசாத வீரன்

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் செவியில் ஒலிப்பது ஒரு குரல். 1959 ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்திலே, சிவாஜி கணேசன் ஜக்சன் துரையின் முன் நின்று முழங்கிய குரல் அது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மேடைகளில் அக்காட்சி எத்தனை முறை நடிக்கப்பட்டதென்று எண்ணிச் சொல்ல இயலாது. நான் பயின்ற பள்ளியிலும் நடித்தோம். எனக்கு அந்நாளில் நாத் திக்கும். ஆதலின், கட்டபொம்மனுக்குப் பின்னால் வாளேந்தி நிற்கும் தம்பி ஊமைத்துரையாக என்னை நிறுத்தினார்கள். சபையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த மனக்குறையே பின்னாளில் அம்மனிதனின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டிற்று.

குமாரசுவாமி என்பது அவன் பெயர் என்பர். காது கேளாதவன், வாய் பேசாதவன் என்று எழுதியவர், அவனை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்த ஆங்கில அதிகாரி வெல்ஷ். திக்குவாய் உடையவன் என்பாரும் உளர். நெடிய மெல்லிய உடலும் நோயாளி போன்ற தோற்றமும் உடைய இளைஞனாகவே வெல்ஷ் அவனைக் காட்டுகிறார். 1799 ஒக்ரோபர் 16 இல் கயத்தாற்றில் அண்ணன் தூக்கிலேறியபின், தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தான். திரைப்படம் அண்ணனின் மரணத்தோடு முடிகிறது. ஊமைத்துரையின் போரோ அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

1801 பெப்ரவரியில் அவன் சிறையிலிருந்து தப்பினான். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த மண்கோட்டை சில நாள்களுக்குள் மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு கும்பினிப் படையினர் திகைத்தனர். பேசாத ஒருவன் ஆயிரக்கணக்கானோரை எவ்வாறு நடத்தினான்? இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை அடுக்குவானாம். அவைதாம் ஆங்கிலப் படை. பிறகு மற்றக் கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் உஸ்ஸென்று ஓர் ஒலி எழுப்புவான். அதுவே தாக்குதலுக்கு ஆணை. அவனைச் சாமி என்றழைத்த மக்கள் அக்குறிப்பைத் தெய்வவாக்காகக் கொண்டனர். மார்ச் இறுதியில் மேஜர் மக்காலே நடத்திய தாக்குதல் பேரிழப்புடன் முறிந்தது. கேணல் அக்நியூ பெரும்படையோடு வந்த பின்னரே, மே 24 இல் கோட்டை வீழ்ந்தது.

வெல்ஷ் எழுதியவற்றுள் என் நெஞ்சைவிட்டு அகலாத நிகழ்ச்சி அதற்கடுத்தது. வீழ்ந்து கிடந்தோரிடையே தன் மகனைத் தேடிவந்தாள் ஒரு தாய். உயிர் ஊசலாடிய அம்மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவள் ஊமைத்துரையைத் தன் ஊருக்குச் சுமந்து சென்றாள். துரத்திவந்த எட்டயபுரத்தார் நெருங்கியபோது, அவனைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளையென்று ஒப்பாரி வைத்தாள். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். வீரம் யாருடையது என்று கேட்டால், சிறிது நேரம் நான் விடை சொல்லத் தயங்குவேன்.

உயிர் தேறிய ஊமைத்துரை மருது சகோதரருடன் சேர்ந்து போரைத் தொடர்ந்தான். அவர்கள் ஒக்ரோபர் 24 இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவனை நவம்பர் 16 இல், இடிந்த அவனது பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டனர்.

கிராமத்துக் கதைப்பாடல்கள் தம்பியை மறக்கவில்லை. கையின் வீரம் பாட்டுக்குப் போதுமானதாயிருந்தது. திரைப்படத்துக்கு அது போதவில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் ஈடற்றது, ஐயமில்லை; கெய்ரோவில் 1960 இல் சிவாஜி பெற்ற பரிசும் தகுதியானதே. ஆனால் அது மேடைப்பேச்சு தமிழகத்தை ஆண்ட காலம். பேசத் தெரிந்தவனே வீரன் என்றாயிற்று. ஊமைக்கு எவர் வசனம் எழுதுவார்?

நான் ஆசிரியனானபின் அந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினேன்; ஒரு காட்சியைப் புதிதாகச் சேர்த்தேன். அதிகம் பேசாத மாணவன் ஒருவன், உள்ளங்கையில் துரும்புகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கட்டபொம்மன் எப்போது வருவான் என்று முன்வரிசைச் சிறுவன் ஒருவன் தாயைக் கேட்டது மேடைவரை கேட்டது. மாணவன் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த துரும்பை எடுத்து வைத்தான்.