மன்னர் மறுத்தார், பேரரசர் ஏற்றார் – சவாய் இளவரசர் யூஜின்

செபமாலை மாதா திருவிழாவை நாம் ஆண்டுதோறும் அக்டோபர் 7ஆம் நாள் கொண்டாடி வருகிறோம். இத்திருவிழா உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கப்பட்டது 1716ஆம் ஆண்டில் என்பதையும், அதற்குக் காரணமாயிருந்தது ஒரு போர் என்பதையும், அப்போரை நடத்தியவர் இளமையில் குருத்துவத்துக்கென்று குறிக்கப்பட்டவர் என்பதையும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அவரே சவாய் இளவரசர் யூஜின். அவருடைய வாழ்வை இம்மலரின் வாயிலாக நம் பங்கு மக்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

யூஜின் 1663ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை சவாய் அரச குடும்பத்தின் கிளையொன்றைச் சேர்ந்தவர். தாய் ஒலிம்பியா, பிரான்சை ஆண்ட கர்தினால் மசரீனின் சகோதரி மகள். யூஜினுக்குப் பத்து வயது நிறையுமுன் தந்தை இறந்தார். 1680இல் தாய் ஒரு பெரும் அவதூறில் சிக்கி நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பிள்ளையோ உருவில் சிறியவர், உடலும் மெலிந்தது. இவன் குருவாகட்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்து, குருமாணவரின் முடிவெட்டுச் சடங்கையும் செய்வித்தனர். ஆனால் அவர் மனமோ படைகளையும் கோட்டைகளையும் சுற்றியே வந்தது.

1683இல் அவர் துணிந்து பதினான்காம் லூயி மன்னரிடம் சென்று படையில் ஓர் இடம் கேட்டார். மன்னர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு கோடையில் துருக்கியப் படை வியன்னா நகரை முற்றுகையிட்டிருந்தது. பேரரசர் லியோபோல்டின் படையில் பணியாற்றிய யூஜினின் அண்ணன் அங்கே உயிரிழந்தார். செய்தி கேட்ட யூஜின், யாரிடமும் விடைபெறாமல் பாரிசை விட்டுப் புறப்பட்டுப் பேரரசரிடம் சென்று சேர்ந்தார். செப்டம்பர் 12இல் வியன்னா மீட்கப்பட்ட போரில் அவரும் வாளேந்தி நின்றார். ஆண்டு முடியுமுன் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்கே தலைவரானார். அப்போது அவருக்கு வயது 20.

அதன்பின் அவருடைய வளர்ச்சி வியப்புக்குரியது. 1688இல் பெல்கிரேடு முற்றுகையில் முழங்காலில் குண்டடி பட்டார். 1693இல், 30 வயது நிறையுமுன்னே, படைத்துறையின் மிக உயர்ந்த பதவியாகிய பீல்டு மார்ஷல் பதவி அவருக்குக் கிடைத்தது. 1697 செப்டம்பர் 11இல் செந்தா என்ற ஊரருகே துருக்கியப் படை திஸ்ஸா ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. படையில் பாதி அக்கரை, பாதி இக்கரை. பொழுது சாயும் வேளையில் யூஜின் தாக்கினார். அந்தச் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 30,000 பேர் மடிந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே அவர் படை சரயேவோ நகருக்குள் புகுந்தது, அந்நகர் தீக்கிரையானது. போர் என்பது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் ஏழை எளியவர் தலையிலேதான் விடிகிறது.

1701இல் ஸ்பெயின் அரசுரிமைப் போர் மூண்டது. யூஜின் பீரங்கிகளோடு மலைப்பாதைகளைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கி, தம்மை மறுத்த மன்னரின் படையையே எதிர்த்தார். 1703இல் பேரரசின் போர் அவைக்குத் தலைவரானார். அங்கே அவர் கண்டது வெறும் கஜானாவும் சம்பளமில்லாத வீரர்களும்தான். அவர்களுக்காக அவர் அரண்மனையோடு ஓயாது போராடினார். 1704இல் ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோவுடன் சேர்ந்து பிளென்ஹைமில் வென்றார்.

1706இல் பிரெஞ்சுப் படை டூரின் நகரைச் சூழ்ந்திருந்தது. யூஜினும் அவர் உறவினரான சவாய்க் கோமகனும் சூபர்கா குன்றின் மேலேறிப் பகைவர் பாசறையை நோக்கினர். வெற்றி கிடைத்தால் அவ்விடத்தில் மாதாவுக்கு ஆலயம் எழுப்புவதாகக் கோமகன் நேர்ந்துகொண்டார். மாதாவின் பிறந்த நாளுக்கு முந்திய நாள், செப்டம்பர் 7இல், நகர் மீட்கப்பட்டது. அந்த ஆலயம் இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. ஆயினும் எல்லா வெற்றியும் மகிழ்ச்சி தரவில்லை. 1709இல் மால்பிளாக்கே களத்தில் அவர் தரப்பில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ விழுந்தனர். 1714இல் ராஸ்டாட் நகரில் பிரெஞ்சுத் தளபதி வில்லாருடன் அமர்ந்து பேசிச் சமாதானம் செய்தவரும் யூஜினே.

1716இல் மீண்டும் துருக்கியருடன் போர். டான்யூப் நதிக்கரையில், இன்றைய செர்பியா நாட்டிலுள்ள பீட்டர்வார்டைன் கோட்டையருகே, தம்மிலும் மிகப் பெரிய படையை அவர் எதிர்கொண்டு வென்றார். அந்த நாள் ஆகஸ்ட் 5. பனிமய மாதா திருநாள். நம் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் அதே நாள். பாப்பரசர் 11ஆம் கிளமெண்ட், யூஜினுக்கு மந்திரித்த வாளும் தொப்பியும் அனுப்பிச் சிறப்பித்தார். அதுவரை சில இடங்களிலும் சபைகளிலும் மட்டும் கொண்டாடப்பட்ட செபமாலைத் திருவிழாவை அவ்வாண்டே திருச்சபை முழுவதற்கும் விரித்தார். போர்க்களத்தின் அருகே டெக்கியே என்னுமிடத்தில் பனிமய மாதா ஆலயம் இன்றும் திருயாத்திரைத் தலமாக விளங்குகிறது.

மறு ஆண்டு பெல்கிரேடு. முன்னே கோட்டைக்குள் 30,000 வீரர், பின்னே மேட்டில் பெரும் துருக்கியப் படை, பாசறைக்குள்ளோ வயிற்றுக்கடுப்பு. மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள், ஆகஸ்ட் 16 விடியுமுன், மூடுபனிக்குள் தாக்கி வென்றார், கோட்டையும் பணிந்தது.

மூன்று பேரரசர்களுக்கு உழைத்த அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வியன்னாவில் அவர் கட்டிய பெல்வெடேர் மாளிகையும், அவர் திரட்டிய சுமார் 15,000 நூல்களும் இன்றும் காக்கப்படுகின்றன. 1736 ஏப்ரல் 21இல் தமது 72ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வியன்னா புனித ஸ்தேவான் பேராலயத்தில் அடக்கமானார்.

மூன்றே ஆண்டுகளில், 1739இல், பெல்கிரேடு மீண்டும் துருக்கியர் வசமாயிற்று. எத்தனையோ உயிர்களை விலையாகப் பெற்ற கோட்டை கைமாறிப் போயிற்று. நின்றது எது? அவ்வெற்றிக்கு நன்றியாகத் திருச்சபை ஏற்ற செபமாலைத் திருவிழா நின்றது. யூஜின் புனிதர் அல்லர். அவர் போர்களை நாம் போற்றிப் பாடவும் வேண்டியதில்லை. ஆனால் தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையின் வாழ்விலும் ஆண்டவருக்கு ஒரு வேலை இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். இனி அக்டோபரில் செபமாலையைக் கையிலெடுக்கும்போது, டான்யூப் கரையில் இரு தரப்பிலும் மடிந்த அத்தனை பேருக்காகவும், உலக சமாதானத்துக்காகவும் ஒரு பத்து மணி சேர்த்துச் செபிப்போமாக.