மண் அணையின் கசிவைப் படித்தவர்: கார்ல் டெர்சாகி

பவானிசாகர் அணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1955-ல் கட்டி முடித்த அணை. மதகுப் பகுதி போக, சுமார் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கரைதான். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனமும், மின் உற்பத்தியும் அதை நம்பி நடக்கின்றன. இத்தனை வயதான மண் கரையில் தண்ணீர் கசிந்தால் பயப்பட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னவர் கார்ல் டெர்சாகி. சிவில் படித்த உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், பெயர் தெரியும்.

1883-ல் பிராக் நகரில் பிறந்தார். படித்தது இயந்திரப் பொறியியல். 1912-ல் அமெரிக்கா போய், அணை கட்டும் இடங்களாகச் சுற்றினார். ஒரே மாதிரி கட்டிய அணைகளில் ஒன்று நிற்கிறது, இன்னொன்று சரிகிறது. ஏன் என்று கணக்குப் போட்டுச் சொல்ல அன்று வழி இல்லை.

1916-ல் இஸ்தான்புல்லுக்கு ஆசிரியராகப் போனார். ஆய்வுக்கூடம் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப் போட்ட சாமான்களையும் வைத்துக் கருவிகள் செய்து, மண்ணை அழுத்தியும் நனைத்தும் பார்த்தார். மண் துகள்களுக்கு இடையே நிற்கும் தண்ணீரும் அழுத்தம் கொடுக்கிறது. அது கூடக்கூடத் துகள்களின் பிடிப்பு தளர்கிறது. இதை 1925-ல் புத்தகமாக வெளியிட்டார். மண் பொறியியல் என்ற துறையே அதிலிருந்து வளர்ந்தது. பிறகு ஹார்வர்டில் பாடம் நடத்தினார், 1963-ல் காலமானார். கனடாவில் மின்சாரத்துக்காக அவர் வடிவமைத்த மிஷன் அணைக்கு 1965-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

நமக்கு அவர் விட்டுப்போன பாடம் வடிகட்டி. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த நீர் ஒரே அளவாக வந்தால் ஆபத்து குறைவு. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, குழாய் போல வழி உண்டாகிறது என்று பொருள். அதனால் தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் பிடிக்கிற பருமனில் மணலைத் தேர்ந்து, கரைக்குள் வைக்க அவர் கணக்கு வகுத்தார். அமெரிக்காவின் டீட்டன் மண் அணை 1976-ல் முதல்முறை நிரம்பும்போதே உள்ளரிப்பால் உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். காலையில் கலங்கல் நீர் கண்டார்கள், மதியத்துக்குள் அணை போய்விட்டது.

உங்கள் பண்ணைக்குட்டைக்கும் ஊர்க் குளத்துக்கும் இதே கதைதான். குட்டை நிரம்பியதும் கரையின் வெளி அடிவாரத்தில் நடந்து பாருங்கள். கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் மண் படிந்தால் உடனே நீர்மட்டத்தைக் குறையுங்கள். கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். முதலில் மணல், அதன்மேல் ஜல்லி போட்டு அழுத்துங்கள். எலி வளை, கறையான் புற்று இருந்தால் தோண்டி, மண் போட்டு இடித்து இறுக்குங்கள். கரைமேல் சீமைக்கருவேலத்தைச் செடியிலேயே பிடுங்கிவிடுங்கள். மரமானபின் வெட்டினால் வேர் மக்கி, அதுவே தண்ணீருக்கு வழியாகும். அரசுக் குளத்தில் கலங்கல் கசிவைக் கண்டால் கரையை நீங்களே தோண்டாமல், நீர்வளத்துறை அலுவலகத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.