காந்தி தாத்தாவின் கணக்கு நோட்டு

மலருக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். காந்தி தாத்தா உப்பு காய்ச்சியது, உண்ணாவிரதம் இருந்தது எல்லாம் நமக்குத் தெரியும். அவர் நிதானமாக யோசிக்க என்னென்ன பழக்கம் வைத்திருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் 1869 அக்டோபர் 2-ல் குஜராத் போர்பந்தரில் பிறந்தார். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். ஊரில் அண்ணன் கஷ்டப்பட்டுப் பணம் அனுப்பினார். அதனால் பஸ் செலவு, தபால் தலை, பேப்பர் வாங்கின சில்லறை வரை நோட்டில் எழுதினார். ராத்திரி கணக்கை நேர் பண்ணிவிட்டுத்தான் படுப்பார். எழுதிப் பார்த்ததில்தான் எங்கே குறைக்கலாம் என்று புரிந்தது. சின்ன ரூமுக்கு மாறினார். வண்டிக்குக் காசு கொடுக்காமல் தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். உடம்பும் நல்லா இருந்தது. பிற்காலத்தில் லட்சக்கணக்கில் பொதுப்பணம் கையில் வந்தபோதும் இந்தப் பழக்கம்தான் அவரைக் கடன் இல்லாமல் காப்பாற்றியது.

சின்ன வயதில் நாலு பேர் முன்னாடி பேசவே கூச்சப்படுவார். அதுவே பிறகு நல்லதாகிப் போச்சு. ஒரு வார்த்தையை எடை போட்டுத்தான் பேசுவார். திங்கட்கிழமை முழுக்க மௌனம். அவசரம் என்றால் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார்.

1893-ல் தென்னாப்பிரிக்கா போய், 1915-ல் நாடு திரும்பினார். 1921 செப்டம்பரில் நம்ம மதுரைக்கு வந்து மேலமாசி வீதியில் தங்கினார். கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைகள் சொன்னது அவர் மனசை அறுத்தது. வேட்டியைச் சுருக்கிக்கொள்ளும் எண்ணம் அதற்கு முன்னாலும் வந்ததுதான். பெருமைக்குச் செய்வதாக ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டிருந்தார். நல்லா யோசித்து, 22-ம் தேதி காலையில் அரை வேட்டியோடு வெளியே வந்தார். 1931-ல் லண்டன் குளிரிலும் மாற்றவில்லை. 1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டு இறந்தார். அப்போது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி, நம்ம தமுக்கம் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி மியூசியத்தில் இருக்கிறது. மதுரைக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊரில் இப்போது வீட்டு வாசலுக்கே வந்து கடன் தருகிறார்கள். இன்றே கையெழுத்து போடு என்று அவசரப்படுத்துகிறார்கள். வாரத் தவணை கட்ட முடியாமல் தோடு, மூக்குத்தி அடகுக்குப் போன வீடுகள் உண்டு. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் கடன் கேட்டாலும் முதலில் ஒரு தாளில் மூன்று வரி எழுத வேண்டும். மாதம் என்ன வரும், என்ன செலவு, மீதியில் தவணை கட்ட முடியுமா? எழுதின பிறகு ஒரு ராத்திரி சும்மா இருக்க வேண்டும். மறுநாள்தான் பதில். எழுதத் தெரியாத அக்காமார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பத்து ரூபாய் நோட்டும் ஒரு பேனாவும் போதும். நீங்களும் உங்கள் குழுவில் செய்து பாருங்கள் சகோதரிகளே.