நட்சத்திரம் காட்டிய பெயர்

1893-ம் ஆண்டு. லண்டனில் ஓவிய வியாபாரிகளுக்குள் வழக்கு. ஆணும் பெண்ணும் குடித்து மகிழும் காட்சியைத் தீட்டிய ஒரு பழைய படம். அதைப் புகழ் பெற்ற ஹாலந்து ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது என்று சொல்லிப் பெரும் விலைக்கு விற்றிருந்தார்கள். ஆனால் படத்தில் வேறு ஒருவரின் குறி இருந்தது. ஜே, எல் என்ற எழுத்துக்கள். அவற்றோடு ஒரு நட்சத்திரம்.

அது ஜூடித் லெய்ஸ்டர் என்ற பெண் ஓவியரின் குறி என்று ஹாலந்து ஆராய்ச்சியாளர் டி குரூட் எடுத்துக் காட்டினார். ஜூடித் இறந்து அப்போது 233 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு சிறந்த ஓவியர் கிடைத்தாரே என்று வியாபாரிகள் மகிழவில்லை. விலையைக் குறைத்து வழக்கை முடித்துக் கொண்டார்கள். படம் என்னவோ அதே படம்தான்!

நெசவாளர் மகள்

ஜூடித் 1609-ல் ஹார்லெம் நகரில் பிறந்தார். நெசவாளரான தந்தை, பிறகு பீர் ஆலை ஒன்றை வாங்கினார். ஆலையின் பெயரே குடும்பப் பெயர் ஆயிற்று. லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் நட்சத்திரம். ஆலைத் தொழில் நொடித்தது. மகளோ தூரிகையால் பெயர் எடுத்தார். 1628-ல் ஹார்லெம் நகரைப் பற்றி வெளிவந்த நூலிலேயே அவர் பெயர் இடம் பெற்றது.

1633-ல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். பெண்களுக்கு அது அபூர்வமான வாய்ப்பு. சொந்தமாகத் தொழில் நடத்தி, மாணவர்களையும் சேர்த்துக் கொண்டார்.

1635-ல் ஒரு மாணவன் சேர்ந்த சில நாளிலேயே ஹால்சிடம் போய்விட்டான். பெரியவர் ஆயிற்றே என்று ஜூடித் தயங்கவில்லை. சங்கத்தில் புகார் கொடுத்தார். மாணவனின் தாயார் ஜூடித்துக்குப் பணம் கட்டினார். ஹால்சுக்கு அபராதம். மாணவனைப் பதிவு செய்யாததற்காக ஜூடித்துக்கும் அபராதம்!

மறைந்த பெயர்

1636-ல் சக ஓவியர் யான் மோலனாரை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகு அவர் வரைந்தவையாகத் தெரியும் படங்கள் மிகச் சிலவே. 1660-ல் 50-வது வயதில் காலமானார்.

கணவரும் இறந்தபின் சொத்துப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சில படங்கள், காலஞ்சென்றவரின் மனைவி வரைந்தவை என்று மட்டுமே குறிக்கப்பட்டன. அவர் பெயர் இல்லை. பின்னர் அவருடைய படங்கள் ஹால்ஸ் பெயரிலும் கணவர் பெயரிலும் கைமாறின.

நட்சத்திரக் குறி தெரிந்ததும் டி குரூட் ஏழு படங்களை அவருடையவை என்று அடையாளம் காட்டினார். 1993-ல் ஹார்லெம் நகரிலேயே அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது.

அவர் தம்மையே வரைந்த படம் 1949 முதல் வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சிசாலையில் இருக்கிறது. கையில் தூரிகையோடு, வேலைக்கு நடுவே யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார் போலிருக்கிறது.